பாயிண்ட் இரண்டு ஒன்று

மார்ச் 3

என் செல்லக் கடுகுக்கு,

மாமன் எழுதுகிறேன். நானும் உன் அத்தையும் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் உண்டு, அதுவும் மாடிப்படியைக் கண்டால்தான் வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு எப்படி இருக்கிறீர்கள்?

போனில் கூப்பிட்டால் "ஆங், ஆங்" என்று சொல்லியே உயிரை வாங்குகிறீர்கள், அதனால்தான் கடிதம் என்று எழுதியிருந்தாய். வாஸ்தவம். இருபத்தாறு வருஷமாகப் பெரிய பெரிய மெஷின்களோடு குடித்தனம் நடத்தியதில் வலது காது மந்தமாகிவிட்டது. பதவிக்குக் கொடுத்த விலை என்று வைத்துக்கொள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வீட்டில் நீ போடுகிற புளிச்ச டீயில் சாராயம் இருக்குமா? உலகத்தில் இந்தக் கேள்வியை எந்த ஒரே ஆளிடம் கேட்க வேண்டுமோ அவனிடமே கேட்டிருக்கிறாய். எங்கள் ஆய்வகத்தில் இந்த வருஷம் பூராவும் இதே ஆராய்ச்சிதான். சர்க்கரை போட்ட டீயில் அந்த வழவழ ஆடையை மிதக்கவிட்டுத் துணி கட்டி வைக்கிறாய் அல்லவா? அதில் ஒரு கூட்டம் சர்க்கரையைத் தின்று சாராயம் விடும். இன்னொரு கூட்டம் அந்தச் சாராயத்தைத் தின்று புளிப்பு விடும். தின்கிறவன் கை ஓங்கினால் புளிப்பு, விடுகிறவன் கை ஓங்கினால் மப்பு. நூற்றுக்கு அரைப் பங்குக்குள் இருந்தால் அது குளிர்பானம், தாண்டினால் மது. இதுதான் சட்டம்.

ஆனால் அளப்பது எப்படி? அங்கேதான் உன் மாமன் வருகிறான். ஐந்து முறைகளை மல்யுத்தத்தில் இறக்கிவிட்டிருக்கிறோம். ஒன்று, மிதவைக் குழாய். இரண்டு, கொதிக்கவைத்து எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்ப்பது. மூன்று, காய்ச்சி வடித்து எடை போடுவது. நான்கு, மருந்து கலந்து நிறம் மாறுவதைப் பார்ப்பது. ஐந்து, பெரிய மெஷின். மூடின குப்பியில் டீயைச் சூடாக்கி, மேலே எழும் ஆவியை உறிஞ்சிக் கோடு போட்டுக் காட்டும். அதன் விலையைக் கேட்டால் மாப்பிள்ளையின் பஸ் தானாக நின்றுவிடும்.

மேடம் ஒருவர் இருக்கிறார், நிறையப் படித்தவர். ஆனாலும் என்ன, நான் கை வைக்காமல் ஒரு பாட்டிலும் உள்ளே போகாது, வெளியே வராது. இரண்டு பாட்டில் அனுப்பிவை. மிச்சத்தை என்னிடம் விடு.

அத்தை விசாரித்தாள்.

உன் மாமன்

---

மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

கடுகு எழுதுகிறேன். இங்கே நாங்கள் சவுக்கியம். அத்தையின் முழங்காலுக்குக் கீழ்வீடு பார்த்துக் குடிபோவதுதான் மருந்து என்று உங்களுக்குத் தெரியாதா?

பார்சலில் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். சுற்றிலும் ஐஸ் வைத்திருக்கிறேன், வந்ததும் குளிரில் வையுங்கள்.

இது ஏன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அவர் குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. சாயங்காலமானால் கையில் எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் அவருக்கு. தண்ணீர் டம்ளர் போதவில்லை. அதற்காகத்தான் இந்த டீயைப் போடக் கற்றுக்கொண்டேன். ருசி பிடித்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஊற்றிவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுப் பாதியில் வைத்துவிடுகிறார். டிப்போவில் தினமும் காலையில் குழாயில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் பஸ்ஸை எடுக்க வேண்டும். ஒரு தடவை வேலையை விட்டு நிறுத்தி, ஆஸ்பத்திரிச் சான்றிதழ் பார்த்துத் திரும்பச் சேர்த்தவர்கள். இன்னொரு தடவை சேர்க்க மாட்டார்கள்.

பக்கத்தில் இருக்கும் கடைக்காரரும் வாரம் பத்து பாட்டில் கேட்கிறார், லேபிளில் ஆல்கஹால் அளவு போட்டிருக்க வேண்டுமாம்.

நீங்கள் ஒரு எண் சொன்னால் போதும் மாமா. டாக்டர் சொன்னால்கூட "பார்ப்போம்" என்கிற மனிதர், உங்கள் பேச்சு என்றால் "மாமா சொன்னாரா? சரி" என்கிறார்.

அத்தைக்கு என் அன்பு.

கடுகு

---

மார்ச் 29

என் கடுகுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலைதான் தலைக்கு மேல். அத்தையின் முழங்கால் உன் வைத்தியத்தைக் கேட்டுச் சிரித்தது.

மாப்பிள்ளையை நிமிர்ந்து உட்காரச் சொல். முடிவு வந்துவிட்டது. பாயிண்ட் இரண்டு ஒன்று!

பெரிய மெஷினில் நானே போட்டேன். கோடு கிளம்பியது பார், எறும்பு நடப்பது போல நேராக வந்து, சாராயம் இருக்க வேண்டிய இடத்தில் லேசாகத் தலையைத் தூக்கி, "இங்கே யாரும் இல்லை" என்று படுத்துவிட்டது. மேடமே கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "யார் போட்ட டீ இது?" என்றார். "எங்க அக்கா மகள்" என்றேன். இந்த மாதிரிக் கைப்பக்குவம் கம்பெனிகளுக்கே வராது என்றார்.

பாயிண்ட் இரண்டு என்று நிறுத்தியிருக்கலாம். உனக்காக இரண்டாவது தசமம் வரைக்கும் போனேன். மந்திரி வீட்டுப் பாட்டிலுக்குக்கூட அவ்வளவு தூரம் போவதில்லை. மாப்பிள்ளை வாளியில் மொண்டு குடிக்கலாம். இன்னொரு பாட்டிலை நானும் அத்தையும் ருசி பார்த்தோம், தேன்.

லேபிளில் தைரியமாகப் போட்டுக்கொள். யாராவது கேள்வி கேட்டால் என்னிடம் அனுப்பு.

உன் மாமன்

---

ஏப்ரல் 6

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம், அதிலும் இன்றைக்கு ரொம்பவே நலம்.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். எழுந்து போய் ஒரு டம்ளர் நிறைய ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். பதினைந்து மாதத்தில் அவர் ஒரு டம்ளரை முழுசாகக் காலி பண்ணி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது, வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டில் வெங்காயமே இல்லை.

லேபிள் அடித்தாயிற்று, "ஆல்கஹால் 0.21" என்று. கடைக்குப் போவதைக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். இடம் போதாததால் விற்காமல் திரும்பி வருகிற பாட்டில்கள் சமையலறை ஜன்னல் ஓரம் நிற்கின்றன. அதையெல்லாம் அவர்தான் தீர்க்கிறார். வீணாகப் போகக் கூடாதாம். காலையில் டிப்போவுக்குக் கிளம்பும்போது ஒரு முழு பாட்டில்.

உங்கள் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்களும் அத்தையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடுகு

---

ஏப்ரல் 25

கடுகுக்கு,

மாமன் எழுதுகிறேன். நலம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை, வெயிலாக இருக்கும்.

இங்கே போட்டி சூடு பிடித்திருக்கிறது. மிதவைக் குழாய் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விவிட்டது. சாராயம் குழாயைக் கீழே இறக்கப் பார்க்கிறது, மீதிச் சர்க்கரை மேலே தூக்குகிறது, போதாததற்குக் காற்றுக்குமிழி வேறு ஒட்டிக்கொண்டு தூக்குகிறது. அது காட்டுகிற எண்ணை நம்பவே முடியாது என்று மேடம் எழுதிவிட்டார். நானும் ஆமோதித்தேன்.

இன்னொன்று, சும்மா ஞாபகம் வந்ததால் சொல்கிறேன். எல்லாப் பாட்டில்களையும் குளிரிலேயே வை. வெளியே வைத்தால் டீ தன் வேலையை நிறுத்தாது, பாட்டிலுக்குள்ளேயே நடத்திக்கொண்டிருக்கும். ஜன்னல் ஓரம் வேண்டாம். மாப்பிள்ளையையும் காலையில் வேண்டாம், சாயங்காலம் குடிக்கச் சொல். வெறும் வயிற்றில் புளிப்பு ஆகாது என்று எங்கேயோ படித்தேன். வயிற்றுக்காகத்தான் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

அத்தை விசாரித்தாள்.

மாமன்

---

மே 4

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வயிற்றுக்கு ஆகாது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் வந்தது இருபத்தொன்பதாம் தேதி. முந்தின நாள் காலையில் டிப்போவில் அவர் ஊதியபோது கருவி பூஜ்யம் காட்டவில்லை.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "கருவிதான் கெட்டுப்போச்சு, மாமாதான் டீயில ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்காரே" என்றார். நம்பினேன். முப்பதாம் தேதி வழக்கம் போலக் குடித்துவிட்டுப் போனார். வேறு கருவி, அதுவும் காட்டியது. அன்றைக்குப் பேச்சை மாற்றி, "டீதான், டீயைத் தவிர நான் எதையும் தொடலை" என்று ஆரம்பித்தார். என்னையும் டிப்போவுக்கு வரச் சொன்னார்கள்.

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "ஏம்மா, நீங்க போடுற டீ குடிச்சா இப்படிக் காட்டுமா?"

மாமா, நான் உங்கள் கடிதத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். "எங்க மாமா ஆய்வகத்துல பெரிய பொறுப்புல இருக்கார் சார். அவரே மெஷின்ல போட்டுப் பார்த்தார். பாயிண்ட் ரெண்டு ஒண்ணுதான்" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "அப்ப டீ இல்லை" என்றார். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும், "நீயே சொல்லிட்டே" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

நானும் பேசுவதில்லை. பதினாறு மாதம் என்னை ஏமாற்றினாரா, இல்லை இப்போதுதான் மறுபடி ஆரம்பித்தாரா என்றே மனசு ஓடுகிறது. எதிர்வீட்டு அம்மாளின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.

ஜூன் 12 விசாரணை. ஒரே ஒரு கேள்வி மாமா. அந்த எண் தவறாக இருக்க வாய்ப்பு உண்டா? இல்லையென்றால் இல்லை என்று எழுதிவிடுங்கள், நான் மனசைத் தேற்றிக்கொள்வேன். உடனே எழுதுங்கள்.

கடுகு

---

மே 15

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்பு சரியில்லையா? அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? பதில் வரவில்லை. போனை எடுப்பாரும் இல்லை.

இவர் முன்னறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று, "உன் மாமா எழுதிட்டாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எழுத மாட்டார், அவர் ஏற்கெனவே எழுதிட்டாரே" என்றார். சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஒரு வரி போதும் மாமா.

கடுகு

---

மே 23

கடுகுக்கு,

எனக்கும் அத்தைக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அந்தச் சாக்கும் எனக்கு வேண்டாம்.

அந்த எண் தவறு. தவறு என்பதுகூட மரியாதையான வார்த்தை. அப்படி ஒரு எண்ணே கிடையாது.

நான் ஆய்வகத்தில் பெரிய பொறுப்பில் இல்லை. கண்ணாடிச் சாமான் கழுவுகிற அறையில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். காது போனது பாட்டில் கழுவுகிற மெஷினால். நான் கை வைக்காமல் ஒரு பாட்டிலும் உள்ளே போகாது என்று எழுதினேனே, அது மட்டும் நிஜம். இது அத்தைக்குத் தெரியும். உன் அம்மாவுக்கு, உனக்கு, மாப்பிள்ளைக்கு எல்லாம் நான் வேறு மாதிரி சொல்லி, சொல்லி, பிறகு நிறுத்த இடம் கிடைக்கவில்லை.

உன் பெட்டி வந்தது. வெளிப் பாட்டிலை உள்ளே கொடுக்க மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். கேட்டால், "யாருக்கு? ஏன் உங்ககிட்ட அனுப்பினாங்க?" என்பார். அதற்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று தொட்டிக்கு அடியில் வைத்தேன். பத்து நாள் அங்கேயே கிடந்தது. ஐஸ் என்றைக்கோ உருகிவிட்டது. ஒரு பாட்டில் வெடித்துச் சிதறி, நான்தான் துடைத்தேன். தேன் என்று எழுதினேனே, அதுதான் அது. இன்னொன்றைத் திறந்து, விரிசல் விட்டுக் குப்பைக்குப் போக வேண்டிய மிதவைக் குழாய் ஒன்றை உள்ளே விட்டேன். அது தண்ணீரில் விழுந்த எலி மாதிரி ஏறி இறங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று காலையில் மேடம் வேறு எதோ பாட்டிலுக்கு "பாயிண்ட் ரெண்டு" என்று சொன்னது காதில் விழுந்திருந்தது, நல்ல காதில். அதையே எழுதிவிட்டேன். அந்தக் கடைசி ஒன்று அழகுக்காக நான் சேர்த்தது.

மே நாலாம் தேதி நீ எழுதிய கடிதம் வந்ததிலிருந்து அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். அதற்கடுத்து வந்ததை அத்தைதான் முதலில் படித்தாள். சாப்பாட்டுத் தட்டில் அதை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"சாப்பாடு எங்கே?" என்றேன்.

"இதைச் சாப்பிடுங்க. இத்தனை நாள் உங்க புளுகுக்கெல்லாம் நான்தான் ஸ்டாம்பு ஒட்டினேன். ஒரு பொண்ணு புருஷனைத் திருடன் மாதிரி பார்த்துக்கிட்டிருக்கா. இதுக்கும் ஒட்டணுமா?"

அப்படியும் நாலு நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். நேற்றுதான் மேடத்தின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எத்தனை நாள் வெளியில இருந்துச்சு? எவ்வளவு சூட்டுல?" என்று குறித்துக்கொண்டார். பிறகு, "என்னைப் பத்தி வீட்ல என்ன சொல்லி வச்சிருக்கீங்க?" என்றார். "எனக்குக் கீழேன்னு" என்றேன். கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது செய்ய வேண்டியது. மேடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை அப்படியே இணைத்திருக்கிறேன். ஜாடியிலிருந்து புதிதாக எடுத்தது ஒன்று, குளிர்பெட்டியில் இருப்பது ஒன்று, ஜன்னல் ஓரத்தில் மாப்பிள்ளை குடித்த வகையில் ஒன்று, ஒவ்வொன்றிலும் அடைத்த தேதியை எழுதி, நிறைய ஐஸ் வைத்து, மேடத்துக்கே அனுப்பு. எனக்கு அனுப்பாதே. வாயுவை வெளியேற்றி, வடிகட்டி, வடித்து எடை போட்டும் பெரிய மெஷினிலும் இரண்டு விதமாகப் பார்ப்பார். அதற்கு முன்னால் தெரிந்த அளவு சாராயத்தைத் தாமே ஒரு டீயில் கலந்து, இரண்டு முறையும் அதைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறதா என்று சோதிப்பார். பொய் சொல்கிற முறையை அப்படித்தான் பிடிக்கிறார்கள். என்னை யாரும் அப்படிச் சோதித்ததில்லை. முத்திரையோடு அறிக்கை நேராக டிப்போவுக்குப் போகும். நானும் அதிகாரிக்குத் தனியாக எழுதுகிறேன், என் வேலை என்ன என்பதையும் சேர்த்து.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. படித்துக் காட்டாதே, அவர் கையில் கொடு.

மாமா

---

ஜூன் 13

மாமாவுக்கு,

நேற்று விசாரணை முடிந்தது. புதிதாக எடுத்த பாட்டிலில் 0.4, குளிர்பெட்டியில் இருந்ததில் 0.7, ஜன்னல் ஓரத்தில் 2.8. அதிகாரி மேடத்தின் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். உங்கள் கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். இவரிடம், "டீயை விட்டுடுங்க, திங்கட்கிழமை வண்டி எடுங்க" என்றார். கடையிலிருந்து என் பாட்டில்களை எல்லாம் திரும்ப வாங்கிக் கொட்டிவிட்டேன். லேபிளைச் சுரண்டச் சுரண்டப் போக மாட்டேன் என்கிறது.

உங்கள் மேல் கோபமா என்று யோசிக்க எனக்கு இன்னும் நேரம் வரவில்லை. என் மேல் இருப்பது முதலில் தீரட்டும். அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டியது நான்தானே.

இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்று உடனே சொல்லிவிட்டார். நான் கேட்டு முடிக்கக்கூட இல்லை. முகத்தைப் பார்க்கவும் மாட்டேன் என்கிறார். வேலை கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று தெரியவில்லை. உங்களுக்குத் தானே எழுதுவதாகச் சொல்கிறார்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கடுகு

---

ஜூன் 20

மாமாவுக்கு வணக்கம்.

அத்தையும் நீங்களும் சுகமா? எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுக்கவும்.

திங்கட்கிழமையிலிருந்து வண்டி ஓட்டுகிறேன். ஊதினால் பூஜ்யம்.

ஆனால் மே இருபதாம் தேதி நான் குடித்தேன். டீ இல்லை, நிஜமாகவே. கடை வாசலில் நின்றபடியே மூன்று டம்ளர். அன்றைக்குக் காலையில் இவள் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தட்டைத் தொடாமல் காலால் நகர்த்தினாள். வேண்டுமென்றா, தெரியாமலா, எனக்கு இன்னும் தெரியாது. குடிகாரன் என்று எல்லோரும் முடிவு பண்ணிவிட்டார்கள், இனி குடிக்காமல் இருந்து யாருக்குக் காட்டப்போகிறேன் என்று தோன்றியது. அந்த ஒரு தடவைதான்.

ஆறு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இவள் அழுது மன்னிப்புக் கேட்டாள். நான் நிரபராதி மாதிரி நின்றேன். விசாரணையிலும் அப்படியே நின்றேன். அதைவிட அந்த மூன்று டம்ளர் தேவலை.

நேற்று இவளிடம் சொல்லிவிட்டேன். சத்தம் போடவில்லை. "எந்தத் தேதி?" என்றாள். சொன்னேன். உள்ளே போய் உங்கள் கடிதத்தை எடுத்து, மேலே போட்டிருந்த தேதியைப் பார்த்தாள். அப்புறம் தன் கடிதம் போன நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினாள். எண்ணிவிட்டு மடித்து வைத்தாள்.

உங்கள் மேல் பழி போட எழுதவில்லை மாமா. டம்ளரைப் பிடித்தது என் கை. உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

இப்படிக்கு
மாப்பிள்ளை

---

ஜூன் 27

மாப்பிள்ளைக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் இருக்கிறோம். உங்கள் உடம்பையும் கடுகின் உடம்பையும் விசாரித்து எழுதச் சொன்னாள் அத்தை. உங்கள் கடிதத்தை அவளும் படித்தாள்.

கடுகு எண்ணியது சரிதான். அவள் கடிதம் என் கைக்கு வந்தது மே ஏழு. நான் பேனாவை எடுத்தது இருபத்துமூன்று. பதினாறு நாள். ஒன்பதாம் தேதி, மெஷினில் கோளாறு என்று ஒரு கடிதம் எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது, கிழித்தேன். பதின்மூன்றாம் தேதி தப்பை மேடத்தின் தலையில் போட்டு இன்னொன்று எழுதினேன். அதையும் கிழித்தேன். மற்ற நாளெல்லாம் பாட்டில் கழுவினேன்.

இருபதாம் தேதி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைவைத் தோண்டிப் பார்த்தேன். சொல்லாமல் விட்டுவிடலாம், உங்களுக்குத் தெரியவே போவதில்லை. அன்று வேலை சீக்கிரம் முடிந்தது. கேன்டீனில் எங்கள் ஆய்வக வேன் டிரைவரோடு உட்கார்ந்திருந்தேன். அவர் தம்பிக்குக் குடிப் பழக்கம். விட்டு விட்டுப் பிடிக்கிறானாம், வீட்டில் நிம்மதியே இல்லையாம். நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். "எங்க மாப்பிள்ளையைப் பாருங்க. ரெண்டு வருஷமாத் தொடலை. எல்லாம் நான் சொன்ன யோசனைதான்" என்றேன். கடுகின் கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. நீங்கள் கடை வாசலில் நின்ற அதே நாள், மாப்பிள்ளை. அதே நேரமாகக்கூட இருக்கலாம்.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அதுவும் ஜோடனையாகத் தெரிகிறது. அதனால் இன்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் அந்த டிரைவர் கழுவுகிற அறைக்கு வந்தார். தம்பி மறுபடி குடியை விட்டிருக்கிறானாம், ஒன்பது நாள் ஆகிறதாம். "உங்க மாப்பிள்ளை எப்படி இருக்கார்? தம்பிகிட்ட அவரைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

மெஷினை நிறுத்தினேன். உங்களைக் கேட்காமல் சொல்கிறேனே என்று இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

"பஸ் ஓட்டுறார். கடைசியாக் குடிச்சு இன்னையோட முப்பத்தெட்டு நாள் ஆகுது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரெண்டு வருஷம்னு சொன்னீங்களே?"

"அது நான் சொன்னது" என்றேன்.

மாமா